ஐந்து மணிப் பாதையில் ஆறாவது ஆள்

அன்றைக்கு ஐந்து மணிப் பாதையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஒன்று, எங்கள் ஊர் அம்மன் கோயிலின் வண்ணக்கர் சின்னத்தம்பிப் போடியார்; கோயில் பொறுப்பு முழுவதும் அவர் கையில். இரண்டு, கோயில் செயலாளர் அரசரெத்தினம். மூன்று, பிரதேச சபைத் தவிசாளர் பதவிக்கு நின்ற மகேசன். நான்கு, எஞ்சின்காரன் கோபால். ஐந்து, நான். ஆறாவதாக, நான் பலகை தூக்கப்போன நேரத்தில் சைக்கிளோடு வந்து ஏறியவர், காத்தான்குடிப் புடவை வியாபாரி உதுமான் காக்கா.

வேறு ஒருவரும் இல்லை. பிறகு ஊரில் உலாவிய கதைகளில் பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார், பள்ளிவாசல் தலைவர் ஒருவர் இருந்தார், யாரோ போனில் படம் பிடித்தார்கள். அதெல்லாம் பொய். படம் பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு கரைச்சல் வந்திராது.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோட்டு அல்ல. ஆறு என்று நாங்கள் சொல்லுகிற வாவியைக் குறுக்கே கடக்கிற தட்டையான இரும்புத் தெப்பம். பக்கத்தில் எஞ்சின் தோணி ஒன்றைக் கட்டித் தள்ளிக்கொண்டு போவோம். மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், ஆடு, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் அதில்தான் கிழக்கே எழுவான்கரைக்கும், மேற்கே எங்கள் ஊர் இருக்கிற படுவான்கரைக்கும் போய்வரும். நான் சபையின் சம்பளத்தில் அதில் வேலை செய்து ஓய்வு பெற்றவன்.

இப்போது பாதையில் நிற்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் நல்லவர்கள். ஏறுகிற எல்லாரையும் தண்ணீரில் மிதக்கிற செம்மஞ்சள் ஜக்கெட் போடச் சொல்லுகிறார்கள். எங்கள் காலத்தில் அது இல்லை; அதை நினைத்து இப்போது பயப்படுகிறேன். மறுபடியும் சபைத் தேர்தல் வருகிறது. போன கிழமை மருந்தெடுக்கப் போகையில் மூத்தவன் கேட்டான்.

"பெரியப்பா, நடு ஆத்துக்குள்ள வெச்சு ஊர்க் கூட்டம் நடந்ததாமே, மெய்யா? இந்த முறையும் ஆரும் வந்து கேட்டா நாங்க என்ன செய்யிற?"

நின்று சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

பாதையில் சேரும்போது நான் கலியாணம் முடித்த புதிது. எங்கள் வழக்கத்தில் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. வீடும் வளவும் பெண்ணுக்கு. நான் எழுவான்கரையில் பிறந்தவன். மாப்பிள்ளையாக இந்தக் கரைக்கு வந்ததும் இதே பாதையில்தான். மாமனார் சொல்லித்தான் வேலை கிடைத்தது. ஒரு வருடம் கயிறு கட்டவும் தண்ணீர் இறைக்கவும் கம்பு ஊன்றவும் பழகினேன். இரண்டு கரையிலும் சோதனைச் சாவடி இருந்த காலத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. நினைத்தால் நித்திரை வராது.

எங்களுக்கு மேலே இருந்தவர் செல்லையா ஓவசியர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அவர் சத்தம் போட்டு ஒருநாளும் கட்டளை இட்டதில்லை. கறுத்தக் குடை ஒன்று வைத்திருப்பார். ஆட்கள் ஏறி இறங்குகிற பலகைக்குக் குறுக்கே குடையை நீட்டினால் பாதை நிற்க வேண்டும். எடுத்தால் போகலாம். தவிசாளரின் ஜீப் வந்தாலும் அதே குடைதான். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நான் உடனே கம்பைத் தூக்கிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவேன்.

பாதை வெளிக்கிட முந்தி நாலு கேள்வி கேட்பார். வரிசை மாறாது.

"கயிறு?"

எஞ்சின் தோணியைப் பிணைத்த கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு "சரி ஐயா" என்று சொல்ல வேண்டும்.

"தண்ணி?"

தெப்பத்தின் அடித் தொட்டிகளில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று கம்பு விட்டுப் பார்க்க வேண்டும். கம்பின் நனைந்த இடத்தை அவருக்குக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டார்.

"காத்து?"

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரத்தில் வாவி கறுத்துச் சுருளும். அப்போது பாரத்தை நடுவுக்கு எடுத்து, சைக்கிள்களைப் படுக்க வைத்து, ஆட்களை இருத்தி விட்டுத்தான் பதில் சொல்லலாம்.

"ஆக்கள்?"

இது ஏறியிருக்கும் ஆட்களைப் பற்றிய கேள்வி அல்ல. ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆள் வந்தால் நிற்க வேண்டும். கடைசிப் பயணம் என்றால் கட்டாயம் நிற்க வேண்டும். நான் சேர்ந்த வருடம், எனக்கு முந்திய ஆள் ஒருவர் மழைக்குள் எட்டிப் பார்க்காமல் பலகையைத் தூக்கிவிட்டார். காய்ச்சல் பிள்ளையோடு ஒரு தாய் கரையில் நின்று கத்தினாள். ஓவசியர் பாதையைத் திருப்பச் சொல்லிக் குடையால் காட்டினார். தாயை ஏற்றி, அக்கரையில் இறக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வான் வரும் வரைக்கும் குடையைப் பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் அடுத்த மாதம் தானாகவே வேறு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் போனார்.

ஓவசியர் துறையில் இல்லாத நாட்களிலும் நான் அந்த நாலு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்டு நானே பதில் சொல்லுவேன். கோபால் சிரிப்பான். "அண்ணன், உங்களுக்கு ஆவி பிடிச்சிருக்கு" என்பான். பிடித்தது பயம்.

இனி தேர்தலுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் பழமை விடாத ஊர். வாக்குரிமை வந்த நாளிலிருந்து ஒரே பக்கத்துக்குத்தான் போட்டது. கோயிலில் இருந்து எடுத்த முடிவை மீறி ஒரு கிழவிகூட வேறு சின்னத்துக்குப் புள்ளடி போட்டதில்லை. அந்த முறை எங்கள் பக்கத்துக் கட்சியின் நியமனப் பத்திரம் கையெழுத்துப் பிழையென்று தள்ளுபடியாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மண் லொறிக்காரர். அவர் வந்தால் எங்கள் வயல் வட்டையின் ஓரத்து ஆற்று மண் போய்விடும். மண் போனால் கட்டு உடைந்து உப்புத்தண்ணீர் உள்ளே வரும். மற்றவர் மகேசன். எழுவான்கரையில் சங்கக்கடை நடத்தியவர். யாரோடும் சண்டைக்குப் போகாத, நடுவாலே நடக்கிற மனிசன்.

அதுதான் எங்கள் ஊருக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை எங்கள் ஊர் மேய்ச்சல் தரைப் பிரச்சினையில் அவர் பக்கத்து முஸ்லிம் ஊராரோடு இருந்து தேத்தண்ணீர் குடித்துப் பேசி முடித்துவிட்டார். எங்கள் ஊரைக் கேட்கவில்லை. அன்றைக்கு இரவே கோயிலில் கற்பூரம் கொளுத்தி, 'மகேசன் இனி இந்த ஊர் மிதிக்கக்கூடாது' என்று சத்தியம் செய்துவிட்டார்கள். கற்பூரம் கொளுத்திச் செய்ததை, வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் நடக்கிற சடங்கில்தான் அம்மனிடம் கேட்டு அவிழ்க்கலாம். தேர்தலோ சடங்குக்கு முந்தி.

போடியார் வயல்காரர். மண் லொறியை நினைத்து அவருக்கு நித்திரை இல்லை. மகேசனுக்குப் போடுவோம் என்றார். அரசரெத்தினம் சம்மதிக்க ஒரு நிபந்தனை வைத்தான். துறையடியில் சபை ஆறு கடை கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆறையும் எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களுக்குத் தவிர வேறு ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று மகேசன் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் ஊர் வாக்கு முழுவதும் அவருக்கு. இல்லாவிட்டால் ஊர் வீட்டில் இருக்கும்.

அந்த நிபந்தனை யாருக்கு என்று எனக்கு உடனே விளங்கியது. ஏனென்றால் அந்தத் துறையில் எங்கள் ஊர் ஆள் அல்லாத வியாபாரி ஒரே ஒருவர்தான் இருந்தார்.

உதுமான் காக்கா காலையில் முதற் பாதையில் வருவார். ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்குத் துறையடி மருத மரத்தின் கீழ் மிச்சப் புடவைகளை விரிப்பார். ஐந்து மணிப் பாதையில் வீட்டுக்குப் போவார். சடங்குக்கு அம்மனுக்குச் சாத்துகிற பட்டு வருடாவருடம் அவர் பொட்டணியில்தான் வரும். காசு சடங்கு முடிந்த பிறகு. அவர் ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை. என் மனைவி செத்த பிறகு, மகளும் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, 'சாப்பிட்ட?' என்று ஒவ்வொரு பின்னேரமும் என்னைக் கேட்ட ஆள் அவர்தான். ஊரில் வேறு யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மகேசன் ஊர் மிதிக்கக்கூடாது. வண்ணக்கர் வேட்பாளரின் வாசலுக்குப் போனால் ஊருக்கு மரியாதை இல்லை. எங்கே வைத்துப் பேசுவது? பாதையில் வைத்துப் பேசலாம் என்று போடியார்தான் யோசனை சொன்னார். ஊரின் எல்லை தண்ணீரில் எதுவரைக்கும் என்று துறையில் வைத்து ஒரு விவாதம் நடந்தது.

"பாதை கட்டுற மரக்குத்தி மட்டும்தான் ஊர்" என்றார் போடியார். "அதுக்கு அங்கால மீனுக்கும் நண்டுக்கும் உரிய இடம்."

"நண்டு எங்கட நண்டுதானே போடியார்?" என்றான் கோபால்.

"உனக்கு வாக்கு இருக்கு, நண்டுக்கு இல்ல. வாயப் பொத்திக்கொண்டு எஞ்சினப் பார்."

ஓவசியரிடம் தனிப்பயணம் ஒன்று கேட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தனிப்பயணம் இல்ல. அஞ்சு மணிப் பயணம் இருக்கு. அதில ஏறுங்கோ, கதையுங்கோ. அது சாதாரணப் பயணம். நடு ஆத்தில நிக்கவும் ஏலாது."

"மெதுவாப் போகலாமே ஐயா?" என்றான் அரசரெத்தினம்.

"மெதுவாப் போனா எண்ணெய் மிச்சம். போங்கோ."

அன்றைக்கு ஊருக்குள் சொல்லி வைத்துவிட்டார்கள், ஐந்து மணிப் பாதைக்கு ஒருவரும் வரக்கூடாது என்று. ஓவசியர் சபை அலுவலாகக் கந்தோருக்குப் போயிருந்தார். மகேசன் அக்கரையிலிருந்து நாலரை மணிப் பயணத்தில் வந்தார். மற்றவர்கள் இறங்கிப் போக, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதைக்குள்ளேயே நின்றார். "பலகையில கால் படாமக் கவனம் மகேசண்ணன்" என்றான் கோபால். அவர் உண்மையாகவே இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

போடியாரும் அரசரெத்தினமும் ஏறினார்கள். மருத மரத்தடி வெறுமையாகக் கிடந்தது. காக்கா வேளைக்கே போய்விட்டார் போலும் என்று நினைத்து ஆறுதல்பட்டேன். கயிறு பார்த்தேன். தண்ணீர் பார்த்தேன். காற்று அவ்வளவு இல்லை. நாலாவதாக ரோட்டை எட்டிப் பார்த்தேன்.

வயல் கட்டு ரோட்டில், தூரத்தில், சைக்கிள். பொட்டணி ஒரு பக்கம் சரிய, ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வருகிறார்.

"பலகையத் தூக்கு" என்றான் அரசரெத்தினம்.

"கடைசிப் பயணம் செயலாளர். ஆள் வருது."

"காணாத மாதிரி நில்லன். அந்தாளப் பத்தித்தானே கதைக்கப் போறம்!"

"ஓவசியர் ஐயா சாதாரணப் பயணம் எண்டு சொன்னவர். அந்தாள இப்ப விட்டா ராவைக்கு எங்க தங்கிற?"

போடியாரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார். அவர் 'தூக்கு' என்று சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேனா? இவ்வளவு காலமாக அதை யோசிக்கிறேன். தூக்கியிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது.

"அல்லா காப்பாத்தினான்!" என்று மூச்சு வாங்கிக்கொண்டு காக்கா ஏறினார். "சைக்கிள் சில்லு காத்துப் போயிட்டு மனே. நீ நில்லாட்டி நான் இண்டைக்கு மருத மரத்துக்குத்தான் மாப்பிள்ள." பிறகுதான் மற்றவர்களைக் கண்டார். "என்ன போடியார், எழுவான்கரைக்கா? எங்க கலியாணம்?"

"கலியாணம் ஒண்டும் இல்லக் காக்கா. சும்மா, காத்து வாங்க."

"காத்து வாங்கவும் செயலாளரக் கூட்டிக்கொண்டா போற!"

காக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பொட்டணியில் இருந்துகொண்டார். கோபால் எஞ்சினைப் பாதி வேகத்தில் விட்டான். மரக்குத்தியைத் தாண்டும் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாண்டியதும் போடியார் தொடங்கினார். வட்டைக் கட்டு, மண், லொறி. மகேசன் எல்லாவற்றுக்கும் "பாப்பம் போடியார்", "எல்லாரோடயும் கதைச்சுச் செய்வம் போடியார்" என்றார்.

"மகேசன், நீ உன்ர சங்கக்கடைத் தராசு மாதிரி" என்றார் போடியார். "ரெண்டு தட்டும் ஆடும். ஒண்டும் இறங்காது."

"இறங்கினா மற்றப் பக்கத்தார் கோவிப்பாங்களே."

"எங்களுக்குக் கோவம் வராதெண்டா நினைக்கிறாய்? மண் எடுக்க விடமாட்டன் எண்டு சொல்லு."

"விடமாட்டன்."

"ம். ஒரு தட்டு இறங்கிட்டு."

அப்போது அரசரெத்தினம் முன்னுக்கு வந்தான். காக்கா இருக்கிறார் என்று குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"துறையில கட்டுற ஆறு கடை. ஆறும் எங்கட ஊர் ஆக்களுக்குத்தான் குடுக்க வேணும். அதுக்குத்தான் நாங்க வந்த."

மகேசன் வாயைத் திறக்க முந்தி, பொட்டணியில் இருந்து காக்கா சொன்னார்.

"அது நியாயம். ஊர் ஆக்களுக்குத்தான் குடுக்க வேணும். போன மாசம் எங்கயோ இருந்து ஒரு வான் வந்து, ஒண்டு எடுத்தா ஒண்டு சும்மா எண்டு வித்துப்போட்டுப் போயிட்டானுகள். புடவை ஒரு தண்ணி தோய்க்கத் தாங்கல்ல. எங்கட பொம்புளைகளுக்குக் காசு நட்டம். மகேசன் தம்பி, அந்த மாதிரி ஆக்களுக்குக் குடுத்திராதீங்க. எனக்கு மரத்தடிப் பக்கத்துக் கட ஒண்டு கிடைச்சாக் காணும். மழைக்குப் பட்டு நனையாது."

நான் கம்பைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில் ஆழம் பார்க்கத் தேவையே இல்லை.

அரசரெத்தினம் இடுப்பு மடியிலிருந்து கடதாசிச் சுருளை எடுத்தான். கற்பூரம். வெற்றிலையில் வைத்து மகேசன் முன்னால் நீட்டினான்.

"கதை வேணாம். எங்கட ஊர்த் தமிழ் ஆக்களத் தவிர வேற ஆருக்கும் இல்ல எண்டு இதில அடிச்சுச் சொல்லு. ஊர் உனக்குப் போடும்."

இப்போது எல்லாம் வெளிச்சமாகச் சொல்லியாகிவிட்டது. மகேசன் கற்பூரத்தைப் பார்த்தார். காக்காவைப் பார்க்கவில்லை. நான் அவரை நல்ல மனிசன் என்று நம்பியிருந்தேன். கெட்ட மனிசன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். மெல்லிய குரலில் சொன்னார்.

"ஊருக்கு அதுதான் விருப்பமெண்டா, பண்ணுறன்."

கையை நீட்டினார். அரசரெத்தினம் நெருப்புக்குச்சியைத் தட்டினான். போடியார் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"வேணாம்."

"போடியார்?"

"மடியில வை எண்டன். இஞ்ச கொழுத்த ஒண்ணா." பிறகு மகேசனிடம், "ஊர் உனக்குப் போடும். மண்ணக் காப்பாத்து. வேற ஒண்டும் வேணாம்" என்றார். அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். அக்கரை வரும் வரைக்கும் அவர் முகத்தை நான் காணவில்லை.

எழுவான்கரையில் மகேசன் முதல் ஆளாக இறங்கி, யாருக்கும் போயிட்டு வாறன் சொல்லாமல் போனார். காக்கா காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, அந்தக் கற்பூரம் எனக்கோ?"

"இல்லக் காக்கா. அது தேர்தலுக்கு."

"ஓ." பொட்டணிக் கயிற்றை இறுக்கினார். "சாப்பிட்டுப் படு" என்றார். போனார்.

திரும்பும் பயணத்தில் நாங்கள் நாலு பேர். "வேணுமெண்டுதான் ஏத்தினாய்" என்று அரசரெத்தினம் எனக்கு நேரே வந்தான். "அங்கத்தை ஆள்தானே நீ. வந்தேறி மருமகன். ரத்தம் காட்டும்."

போடியார் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

அடுத்த நாளும் காக்கா வந்தார். ஆனால் பின்னேரம் மரத்தடியில் புடவை விரிக்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாதைக்குள்ளேயே வந்து நின்றார், மகேசன் நின்ற இடத்தில். கொஞ்ச நாளில் வாரத்துக்கு இரண்டு தரம் என்று ஆயிற்று. பிறகு வரவில்லை. மகன் கடை போட்டிருக்கிறான், அதில் இருக்கிறார் என்றார்கள்.

ஊர் மகேசனுக்குப் போட்டது. முழு ஊரும். அவர் வென்றார். மண் லொறி வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைகள் ஏலத்துக்குப் போயின. காக்கா ஏலத்துக்கு வரவில்லை. மரத்தடிப் பக்கத்துக் கடையை அரசரெத்தினத்தின் மச்சான் எடுத்துப் போன் கார்ட் விற்கிறான்.

போட்ட பிறகுதான் ஊருக்குள் குமைச்சல் தொடங்கியது. கற்பூரம் கொளுத்தி விலக்கிய ஆளுக்கு எப்படிப் போட்டோம்? சத்தியமும் வாங்காமல் எப்படிப் போட்டோம்? கிணற்றடியிலும் வாய்க்கால் கட்டிலும் இதே கேள்வி. அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. பாதைக்காரன் ஆளை ஏற்றி வண்ணக்கரின் வாயைக் கட்டிப்போட்டான் என்பது நல்ல பதிலாக இருந்தது. கோயிலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அரசரெத்தினம் குற்றம் சொன்னான். கோபாலைக் கேட்டார்கள். "நான் எஞ்சின் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டன். எனக்கொண்டும் தெரியா" என்றான். அவனும் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச அந்த ஊர் வீடுகளுக்குத்தான் போக வேண்டும். போடியார் தலைவராக நடுவில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன், ஓவசியரைக் கூட்டி வர.

அவர் அப்போது ஓய்வு பெற்று நாவற்குடாவில் மகள் வீட்டில் இருந்தார். போய்ச் சொன்னேன். "நீங்க வந்து, சாதாரணப் பயணம் எண்டு நான்தான் சொன்னன் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும் ஐயா."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்திருந்தார்.

"நான் வந்து சொன்னா, நான் சொல்லித்தான் நீ அந்தாள ஏத்தினதாப் போயிரும். நான் சொல்லாட்டி அந்தாள விட்டிட்டுப் போயிருப்பியா?"

"இல்ல ஐயா."

"அப்ப நான் என்னத்துக்கு?"

அவருக்கு அது எனக்குச் செய்த பெரிய மரியாதையாகத் தோன்றியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேத்தண்ணீர் தந்தார்கள். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

தண்டம் விதித்தார்கள். கட்டும் வரைக்கும் எனக்குக் காளாஞ்சி இல்லை. சடங்கு முடிவில் ஒவ்வொரு வீட்டு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிற தாம்பாளம் அது. தேங்காய், வெற்றிலை, பழம். சாமான் பெரிதல்ல. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுதான். நல்லது கெட்டதுக்கும் என் வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். போனால் துரத்தமாட்டார்கள். சொல்லமாட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், பாதையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போடியார் வந்தார். மடியிலிருந்து காசை எடுத்தார்.

"இந்தா. இதக் கொண்டுபோய்க் கட்டு. நான் தந்ததெண்டு சொல்லாத."

"ஏன் போடியார்?"

"நீ அந்தாள ஏத்தாட்டி நான் அந்தக் கற்பூரத்தக் கொழுத்த விட்டிருப்பன். மறுகா எந்தக் கையால அந்தாளிட்டப் பட்டு வாங்கிற? நீ எனக்கு நல்லதுதான் செய்தாய்."

"அதக் கோயில்ல சொல்லுங்களன்."

ஒரு கொக்கு மரக்குத்தியில் வந்து இருந்துவிட்டுப் பறந்து போனது.

"வண்ணக்கர் தானா விட்டுக்குடுத்தார் எண்டா ஊர் ரெண்டாப் பிரியும் மனே. ஏமாந்துபோனார் எண்டா ஊர் சேந்து நிக்கும். உனக்கு இது விளங்கும்."

விளங்கியது. அதனால்தான் காசை வாங்கவில்லை. "நான் கட்டினா, காக்காவை நான் பொறி வெச்சுக் கொண்டுவந்ததாப் போயிரும் போடியார். அந்தாள் சில்லு காத்துப் போய்த்தான் பிந்தி வந்த."

காசை மடியில் வைத்துக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகும் பலமுறை பாதையில் வந்தார். காற்றைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கதைப்பார்.

ஒருமுறை காத்தான்குடிக்குப் போனேன். காக்கா மகனின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தார். எழும்பி வந்து கையைப் பிடித்தார். "சாப்பிட்ட?" என்று கேட்டார். சாப்பாட்டுப் பார்சல் எடுப்பித்தார். இப்போது கோயிலுக்குப் பட்டு எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டார். புளியந்தீவுக் கடையில் என்றேன். "கரை பாத்து வாங்கச் சொல்லு, இப்ப வாறது சாயம் போற" என்றார். தண்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. பெருநாள் நேரம். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் இருந்த முக்காலியும் யாருக்கோ தேவைப்பட்டது. பிறகு நான் போகவில்லை. ஒருநாளும் போகக் கூடாது என்றல்ல. போய் என்ன கதைப்பது என்று யோசித்து யோசித்தே நாள் போகிறது.

போடியார் போன வருடம் செத்துப்போனார். யாரும் வந்து சொல்லவில்லை. பறைச் சத்தம் கேட்டுப் போனேன். வாய்க்கரிசித் தட்டு கைக்குக் கை மாறி வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் போட்டுவிட்டு, எனக்கு மேலால் எட்டிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். நான் கையை நீட்டியிருந்தேன். மடக்கிக்கொண்டேன். பாதையில் கன தரம் இருமலுக்கு இஞ்சி கொடுத்திருக்கிறேன் அவருக்கு. ஒரு பிடி அரிசி போட விடவில்லை.

இப்போது அரசரெத்தினம்தான் வண்ணக்கர். இந்த முறை எங்கள் பக்கத்துக் கட்சி நிற்கிறது. ஆனால் கட்சிக்குள் இரண்டு பேர். ஒருவர் முரட்டுக் கதைக்காரர், மற்றவர் கொஞ்சம் அமைதியானவர். எந்தப் பக்கம் போடுவது என்று மறுபடியும் கோயிலில் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாக்கும் தேவையாம். போன வெள்ளிக்கிழமை கோபால் தூது வந்தான். படலையடியிலேயே நின்று கதைத்தான்.

"அண்ணன், பாதியக் கட்டினாக் காணுமாம். பிழைதான் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணுமாம். வாற சடங்கில முதல் பேரா உங்களக் கூப்பிடுவாங்களாம். வயசும் போகுது. தனியக் கிடந்து என்னத்துக்கு?"

"நீ உள்ள வா, தேத்தண்ணி குடி" என்றேன்.

அவன் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். "இன்னொரு நாளைக்கு வாறன்" என்றான்.

"அப்ப போய்ச் சொல்லு. குறைக்க வேணாம். விதிச்சது அப்பிடியே கிடக்கட்டும்."

பாதையில் நிற்கிற பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: ரோட்டை எட்டிப் பாருங்கள், ஆள் வந்தால் நில்லுங்கள். கோயிலுக்கு நான் கட்டாமல் வைத்திருக்கிற தண்டம் ஐயாயிரத்து ஒரு ரூபா.